தற்காலிகக் கட்டம்

மதிய வெயில் பட்டு, கணினித் திரை வெளிறிக் கிடக்கிறது. அவள் நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டு பார்க்கிறாள். நாற்பது வகைச் சலவை இயந்திரங்களுக்கும் ஒரே மென்பொருள். எந்த வகைக்கு எந்த வசதி என்று காட்டும் மர வரைபடம், எத்தனையோ பேர் கை பட்டு, திரை கொள்ளாமல் கிளை விட்டிருக்கிறது. ஓரத்தில் 'தற்காலிகம்' என்றொரு கட்டம். பதினொரு வருடத்துக்கு முன், மகள் பிறப்பதற்கு முந்தின நாள், விடுப்பில் போகிற அவசரத்தில் அவளே போட்டது. இன்று துணிந்து அதை நீக்குகிறாள். இருபத்து மூன்று வகைகள் ஒரேயடியாகப் பிழை காட்டிச் சிவக்கின்றன. தண்ணீர் கொட்டாமல் காக்கும் கதவுப் பூட்டுகூட அதைத்தான் நம்பியிருக்கிறது. பெருமூச்சோடு திரும்ப வைக்கிறாள். ஆறிப்போன தேநீரில் ஆடை படிந்திருக்கிறது. மேலாளர் வந்து அவள் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நிற்கிறார்.

"புது மாடலுக்கு ராத்திரியில சத்தம் வராத வசதி வேணுமாம். சாயங்காலம் அனுப்பணும். இப்போதைக்கு எங்கயாவது சொருகி விடுங்க, அப்புறம் ஒழுங்கா பண்ணிக்கலாம்."

"இதையும் அப்படித்தான் சார் சொன்னீங்க."

"எதை?"

அவள் புதிய கட்டம் திறந்து, 'தற்காலிகம் 2' என்று தட்டுகிறாள். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்கிறது திரை. மூன்றும் இருக்கிறது. நான்கும் இருக்கிறது. ஒன்பதில்தான் இடம் கிடைக்கிறது.