இழுத்த கை

மதிய வெயில் வார்டுக்குள் விழுகிறது. நேற்றுப் பிறந்த பிள்ளையின் இடது கையைச் சட்டையின் நெஞ்சோடு சேர்த்து ஊக்கு குத்தியிருக்கிறார்கள். பிறக்கும்போதே கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள காறை எலும்பு முறிந்துவிட்டது. குதிகாலில் ரத்தம் எடுத்த இடத்தில் பொட்டுப் பஞ்சு. பிரசவத்தில் தோள் சிக்கிக்கொண்டவனை இழுத்தெடுத்த நர்ஸம்மா கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், சுருக்கமே இல்லாத விரிப்பை மறுபடி நீவுகிறாள். ரத்தப் பரிசோதனையில், கால்சியத்தைக் காக்கும் ஹார்மோனில் கோளாறு என்று வந்தால் எலும்பே பலவீனம். இல்லையென்றால் இழுத்த கைதான் காரணம். “நான் மாத்திரையை ஒழுங்கா முழுங்கலக்கா. அதனாலதான் இருக்குமோ?” என்கிறாள் தாய். “சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதம்மா.” ரத்தத்தில் கோளாறாகவே இருக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்கிறாள் நர்ஸம்மா. என்ன வேண்டினோம் என்பது உறைத்ததும் பிள்ளையைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்புகிறாள்.

சுவரில் போன் அடிக்கிறது. பாய்ந்து எடுக்கிறாள். லேபிலிருந்துதான். “சரிங்க சார். ரெண்டு தடவை பாத்தீங்களா?” மெல்ல வைக்கிறாள். “என்னக்கா சொன்னாங்க?” “கால்சியம், ஹார்மோன் எல்லாமே சரியா இருக்காம். புள்ள ரத்தத்துல ஒரு குறையும் இல்ல.” “அப்பாடா! வயித்துல பாலை வாத்தீங்கக்கா!” தாய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். உருவிக்கொள்ள வழி தெரியாமல் அந்தக் கைகள் அங்கேயே இருக்கின்றன.