சம்பந்தி கொண்டாந்த ரிம்மு

"பையன் டிராக்டர மதகுல வுட்டுட்டான் போல சம்பந்தி, ரிம்மு மடங்கிப் போச்சு"ன்னு சொல்லிக்கினே ராஜவேலு குட்டியானையில இருந்து எறங்குனாரு.

எம் பொண்ணு பூமிகாவோட மாமனாரு.

நான் ரிம்மப் பாக்கல. வண்டிக்குள்ள எட்டிப் பாத்தேன். பூமிகா வரல.

கவரப்பேட்டையில ரோட்டோரம்தான் நம்ம கட. 'இங்கு ரிம் பெண்டு எடுக்கப்படும்'னு போர்டு தொங்கும். லாரியோ டிராக்டரோ, எவ்ளோ மடங்குனாலும் நிமித்திக் குடுத்துடுவேன். அப்பேர்ப்பட்டவனுக்கு எம் பொண்ணப் பத்தி ஒரு வார்த்த கேக்க நாக்கு எழும்பல.

மெதுவாத்தான் கேட்டேன். "பூமிகா எப்டி கீறா சம்பந்தி? போனே எடுக்க மாட்டேங்குறா."

"போன் ரிப்பேரு. நல்லாத்தான் கீறா"ன்னாரு. சொல்லும்போது என் மூஞ்சப் பாக்கல. ரோட்டுல போற கண்டெய்னர் லாரியப் பாத்துக்கினு இருந்தாரு.

இருவத்திரண்டு நாளா இதே பதிலு.

கல்யாணம் ஆயி மொத ஆடி. சீரு எடுத்துக்கினு பொண்ண அழைக்க வரோம்னு சொன்னதுக்கு, 'நடவு முடியட்டும், நாங்களே அனுப்பறோம்'னுட்டாங்க. மொத ஆடிக்குப் பொண்ணத் தாய் ஊட்டுக்கு அனுப்பாத சனம் எங்கயாவது உண்டா? எம் பொண்டாட்டி கல்பனா தெனமும் அழுவுறா, ஒரு நட போய்ப் பாத்துட்டு வாய்யான்னு. நாந்தான் பெரிய மனுசன் மாதிரி, 'கூப்புடாம போய் சம்பந்தி ஊட்டு வாசல்ல நின்னா நம்ம மரியாத இன்னா ஆவறது'ன்னு அவ வாய அடச்சிட்டேன்.

மரியாதையாம், மண்ணாங்கட்டி.

வயல்ல தண்ணி கட்டியாச்சு, சாயங்காலம் சேடை உழவு ஓட்டணும், சீக்கிரம் முடிங்கன்னு ராஜவேலு பறந்தாரு. அவங்க ஊரு மீஞ்சூருக்கு அந்தாண்ட. மீஞ்சூர்லயே நாலு பட்டற இருக்குது. ஆனா ஓசியில கெடச்சா பினாயிலக்கூடக் குடிக்கிற மனுசன். சம்பந்தி கடைய வுட்டு வேற எங்க போவாரு.

ரிம்மத் தூக்கி ஸ்டாண்டுல மாட்டி ஒரு சுத்து வுட்டேன். பழைய டிராக்டரோட முன்சக்கரம். விளிம்பு ஓரமா சாக்பீஸப் புடிச்சேன். சுத்தி வரும்போது எங்க சாக்பீஸு படுதோ அங்கதான் பெண்டு. ரெண்டு எடத்துல கோடு உழுந்துது.

சுத்தறத நிறுத்திட்டுக் குனிஞ்சு பாத்தேன்.

மதகுல மோதுனா விளிம்பு ஒரே எடத்துல மடங்கும். கல்லு ஒரசுன கீறலு இருக்கும். இதுல கீறலே இல்ல. வட்ட வட்டமாத் தழும்பு. சம்மட்டி அடி. நிக்கிற வண்டிய யாரோ ஓங்கி ஓங்கி அடிச்சிருக்காங்க.

தழும்பு ஒவ்வொண்ணுலயும் வெரல வச்சுப் பாத்தேன்.

மாப்பிள்ளைக்குக் கோவம் வரும்னு கல்யாணத்தப்பவே காதுல உழுந்துது. ஆம்பளைக்குக் கோவம் வராம இருக்குமான்னு நான்தான் சிரிச்சேன். இரும்பையே இந்த அடி அடிக்கிறவன் எம் பொண்ண இன்னா பண்ணுவான்? அதுக்கு மேல நெனைக்க முடியல.

அவரு பக்கம் திரும்பாம துணிய எடுத்து ரிம்மு மேல காஞ்ச சேத்தத் தொடச்சேன். காத்தடிக்கிற வால்வு ஓட்டைக்குப் பக்கத்துல ஏதோ மினுக்குச்சு. துரு புடிச்ச இரும்புல புத்தம் புதுசா மூணு குத்து. ஆணிய வச்சுத் தட்டுனது. ஒரே வரிசையில.

ஐயோ, எம் புள்ள.

அடிச்சது மாப்பிள்ள இல்ல. ரிம்மு மடங்குனா அது எங்க வரும்னு அவளுக்குத் தெரியும்.

வேற எந்தப் பட்டறையிலயும் இந்தப் பழக்கம் கெடையாது. காலேஜ் வுட்டு வந்ததும் பூமிகாதான் முன்னாடி ஒக்காந்து ரிம்ம வாங்கி வப்பா. பெயிண்டுல எழுதி வச்சா நெருப்புல அழிஞ்சி போவுதுன்னு, வால்வு ஓட்டைக்குப் பக்கத்துல ஆணியால குத்தி வப்பா. அவளா கண்டுபுடிச்ச அடையாளம். ஒரு குத்துன்னா வெறும் பெண்டு. ரெண்டு குத்துன்னா வெடிப்பு, வெல்டு வைக்கணும்.

துணியக் கீழ போட்டுட்டு பைக் சாவிய எடுத்தேன்.

"இன்னா சம்பந்தி, ரிம்மு?"ன்னு ராஜவேலு பின்னாலயே ஓடியாந்தாரு.

"ரிம்மு கெடக்கட்டும்யா. உன் ஊட்டுக்குத்தான் போறேன்."

கடைக்குப் பின்னாடிதான் எங்க ஊடு. கல்பனாவுக்குக் கொரல் குடுத்தேன். போட்டிருந்த நைட்டி மேல ஒரு துண்டப் போத்திக்கினு அப்டியே வந்து ஏறுனா. சம்பந்தி யாருக்கோ போன் போட்டுக்கினே நடு ரோட்டுக்கு வந்து கத்துனாரு. நான் திரும்பிப் பாக்கல.

இன்னாய்யா ஆச்சு, அந்த ரிம்முல அப்டி இன்னாத்தப் பாத்தேன்னு கல்பனா என் தோள உலுக்குனா. பைக்க முறுக்குனேன். மீஞ்சூரு ரோட்டுல திரும்புன அப்புறம்தான் சொன்னேன்.

மூணு குத்துன்னா, கையில இருக்கற வேலையெல்லாம் போட்டுட்டு மொதல்ல இதப் பாரு.