தண்ணிக்கு ஏது கறை?

“இன்னிக்கும் ஊத்திட்டாம்மா உன் அண்ணி!”

போனில் அப்பா பொரிந்து தள்ளினார்.

“எங்கே? படுக்கையிலேயா?”

“பின்னே? காலையில மாத்திரைக்குத் தண்ணி கொண்டு வர்றேன்னு வர்றா. கட்டில்கிட்ட வந்ததும் ஜக்கு கவுந்துடுது. முழிச்சுப் பார்த்தா தொப்பலா நனைஞ்சு கிடக்கேன். ஒரு நாள் ரெண்டு நாள்னா பரவாயில்லை. முடியலைம்மா. உன் வீட்டுக்கே வந்துடறேன்.”

அப்பா, பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போடுகிற மனிதர். மாடிப்படியில் யாராவது கை கொடுத்தால், அந்தக் கையைத் தட்டிவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறுவார். அவரே ‘முடியலை’ என்றால் சும்மாவா? மகளுக்கு ரத்தம் கொதித்தது.

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் அவளுக்குப் பெயரே ‘கறை டாக்டர்’. சட்டையில் பேனா மையா, சோபாவில் எண்ணெயா, காலரில் வியர்வை மஞ்சளா, முதலில் அடிப்பது அவள் வீட்டுக் காலிங்பெல்தான். எலுமிச்சை, உப்பு, வினிகர், சமையல் சோடா இருந்தால் போகாத கறையே கிடையாது என்பது அவள் கட்சி. கறையோடு வருகிறவர்களைச் சிரித்த முகமாக வரவேற்பாள். கவனமில்லாமல் கொட்டுகிறவர்களைக் கண்டால்தான் ஆகாது.

மறுநாள் காலை அண்ணன் வீட்டில் போய் இறங்கினாள். கையில் புத்தம் புது மூடி பாட்டில். தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. அது பரிசு இல்லை, குத்தல் என்பது வாங்கும்போதே அவளுக்குத் தெரியும்.

அண்ணன் வேலைக்குப் போயாகிவிட்டது. அப்பா பெட்டி கட்டி, தலை வாரி, கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்குமாப்பா?”

“இன்னிக்கும்தான்! கேட்டா, ‘ஸாரி மாமா, கை தவறிடுச்சு’ங்கறா. கையில எண்ணெய் தடவிக்கிட்டு வர்றாளோ என்னவோ!”

அண்ணி ஈரக் கையைத் துடைத்தபடி பால்கனியிலிருந்து வந்தாள்.

“வாம்மா. பஸ்ல கூட்டமா?”

“கூட்டம் கிடக்கட்டும். இந்தாங்க அண்ணி. இனிமே அப்பாவுக்கு இதுல தண்ணி கொடுங்க. நீங்க எப்படிக் கவுத்தாலும் கொட்டாது.”

அப்பா கைதட்டிச் சிரித்தார். அண்ணிக்கு முகம் வெளிறிவிட்டது.

“வேணாம்மா. ஜக்கே இருக்கட்டும்.”

“ஏன்?”

“அதுவே பழகிடுச்சு.”

கொட்டிக் கொட்டிப் பழகிவிட்டதாம்! திமிரைப் பார் என்று மகள் பல்லைக் கடித்தாள். அப்பா முன்னால் சண்டை வேண்டாம் என்று விறுவிறுவெனப் பால்கனிக்குப் போனாள். அண்ணியும் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

அங்கே இரண்டு நாற்காலிகள் மேல் அப்பாவின் மெத்தை வெயிலில் கிடந்தது. நடுவில் வினிகர் தெளித்த ஈரம். அதன் மேல் சமையல் சோடா தாராளமாகத் தூவியிருந்தது. விரிப்பு தனியாக வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.

சண்டை போட வந்த இடத்திலும் கறை டாக்டரால் சும்மா இருக்க முடியவில்லை.

“என்ன அண்ணி கூத்து இது? ஜக்குல என்ன இருந்தது? டீயா?”

“தண்ணிதான்.”

“வெறும் தண்ணியா?”

“ம்.”

“வெறும் தண்ணிக்கு ஏது கறை? வெயில்ல போட்டா தானா காய்ஞ்சுட்டுப் போகுது. அதுக்குப் போய் யாராவது இப்படி வினிகரைத் தெளிச்சு, சோடாவைக் கொட்டுவாங்களா? எதுக்கு எது போடணும்னு ஒரு விவஸ்தை வேணாம்? எங்க பிளாட்ல சின்னக் குழந்தைங்க தூக்கத்துல படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டாதான் நான் இந்த…”



குனிந்து பார்த்தாள். வினிகர் நெடியையும் மீறி லேசாக இன்னொரு வாடை.

அண்ணி மெத்தையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

“புது மாத்திரை ஆரம்பிச்சதிலேருந்து மாமா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறார். போறதே அவருக்குத் தெரியலை. கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு டாக்டர் சொல்றார். முதல் நாள் நான் பார்த்தப்போ எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. முழிச்சுப் பார்த்தா மனுஷன் அங்கேயே ஒடிஞ்சு போயிடுவார். கையில ஜக்கு இருந்தது. ஊத்திட்டேன்.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“அவருக்கு எதையும் மனசுல வெச்சுக்கத் தெரியாது. அவரும் தினம் என்னைத்தான் திட்டறார். திட்டட்டும்.”

தான் வாங்கி வந்த பாட்டிலை நினைக்க நினைக்க மகளுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை பேர் திட்டையும் வாங்கிக்கொண்டு, தினமும் விடியும் முன் எழுந்து, சிரித்த முகமாக ‘ஸாரி மாமா’ சொல்ல தன்னால் முடியுமா?

உள்ளேயிருந்து பி.டி. வாத்தியாரின் குரல், மைதானத்துக்கே கேட்கிற மாதிரி வந்தது.

“என்னம்மா, கிளம்பலாமா? உன் வீட்டுலயாவது நான் நனையாம தூங்கறேன்!”

“இதோ வந்துட்டேம்ப்பா!”

சத்தமாகப் பதில் சொல்லிவிட்டு மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஒரு மாசம் நீங்க நிம்மதியாத் தூங்குங்க அண்ணி. காலையில எத்தனை மணிக்குக் கொட்டணும்?”