கனெக்ட் ஆகாத கேமரா

எங்கள் கேமரா கம்ப்யூட்டரில் கனெக்ட் ஆகவில்லை என்று நான் சொன்னதும், எதிர்வீட்டு மேதாவி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

“கேபிளை மாத்திப் பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

“வேற போர்ட்ல சொருகினீங்களா?”

“சொருகினேன் சார்.”

கேமராவைத் திருப்பிப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். “யோவ், இதை ஆன் பண்ணவே இல்லையே! மண்டையில இருக்கிறது மூளையா, குப்பையா?”

பொத்தானை அழுத்தினார். ஏற்கெனவே பதிவாகியிருந்த படம் திரையில் விரிந்தது. எங்கள் வாசலில் ஒரு பை நிறையக் குப்பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார், அதே மேதாவி.

“இ... இது...”

“நாங்க நேத்தே பாத்துட்டோம் சார்,” என்றாள் என் மனைவி. “நீங்களும் பாக்கணும்னுதான் ஆஃப் பண்ணி வெச்சோம்.”

துடைப்பத்தை நீட்டினாள்.

“குப்பை எங்க மண்டையில இல்ல, வாசல்ல இருக்கு. அள்ளுங்க.”