நாய்க்குச் சொன்ன யோசனை

தூண்டில் மறுபடியும் கல்லில் சிக்கியபோது, கரையில் உட்கார்ந்திருந்த ஹினெக் தொண்டையைச் செருமினார்.

ஹெத்விகா திரும்பிப் பார்த்தாள். அவர் உடனே வானத்தைப் பார்த்தார்.

ஓட்டவா ஆற்றில் மீன்பிடிச் சங்கத்தின் வருடாந்திர ட்ரவுட் மீன் பிடிக்கும் போட்டி. பாதிப் பேருக்குக் காலை, மீதிப் பேருக்கு மதியம். காலையில் இறங்கியவர்கள் மதியம் நடுவர்கள்; ஹெத்விகாவுக்கு ஹினெக். மீனை அளக்கலாம், திரும்ப ஆற்றில் விடலாம். யோசனை மட்டும் சொல்லக் கூடாது.

"காலையில உங்களுக்கு எப்படி?" என்று முன்பே கேட்டிருந்தாள்.

"தண்ணி ஜில்லுனு இருந்துச்சு" என்றதோடு சரி.

தொடையளவு நீரில் நின்றிருந்தாள். நூல் நுனியில், கனமான மணி கோத்த பொய்ப்பூச்சித் தூண்டில். அது ஆற்றின் அடியோடு உருண்டு போக வேண்டும். நூல் தொய்யவே கூடாது. அவளுக்கு ஒன்று தொய்ந்தது, இல்லை கல்லில் மாட்டியது.

போன இரண்டு வருடமும் பூஜ்யம். அவள் கடைக்கு ரொட்டி வாங்க வந்தவர்களெல்லாம் வாரக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள். இந்த முறையும் அப்படியென்றால் தூண்டில்கோலை விற்றுவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

"என்னடா ஜெரிக் இது?" என்றார் ஹினெக் திடீரென்று.

ஜெரிக் அவருடைய நாய். மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"மேல்தண்ணிதான்டா வேகமா ஓடும், அடித்தண்ணி மெதுவாத்தான் வரும். நீ ஏன் இழுத்துட்டு ஓடுறே? கூடவே நட. கையக் கொஞ்சம் தூக்கு."

நாய் ஒரு காதை அசைத்தது.

ஹெத்விகா கையைத் தூக்கினாள். கோல் முனை முன்னே போக, நூல் விறைப்பாகப் பின்னால் வந்தது. பூச்சி கூழாங்கற்களைத் தொட்டுத் தொட்டுப் போவது முதன்முறையாக விரலுக்குத் தெரிந்தது.

நூல் சட்டென்று நின்றது. அவள் சலித்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் கல்லுன்னே நினைச்சுட்டிரு, ஜெரிக். மீன் தானா வந்து வாயில விழும்."

மணிக்கட்டைச் சுண்டினாள்.

கல் துள்ளிக்கொண்டு ஓடியது.

அதன் பிறகு மீன்கள் வரிசையாக விழுந்தன.

"உங்க நாய் நல்லாக் கத்துக்குது" என்றாள், வலையை நீட்டியபடி.

"மூணு வருஷமாக் கத்துறேன். இன்னிக்குத்தான் காதுல ஏறியிருக்கு."

கடைசி ட்ரவுட்டை அளவுப் பலகையில் வைத்தபோது அவர் தடுத்தார். "வால் மடிஞ்சிருக்கு. நீட்டி விடுங்க."

நீட்டிவிட்டாள். போட்டி முடிந்ததற்கான விசில் ஒலித்தது.

மாலை, பீர்க்கடையில் முடிவை வாசித்தார்கள். மொத்த நீளத்தில் முதல் இடம் ஹெத்விகா. ரொட்டி வாங்க வருகிறவர்கள் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள்.

நகக்கண் அளவு வித்தியாசத்தில் இரண்டாம் இடம் ஹினெக்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள்.

"வாய மூடிட்டு இருந்திருந்தா நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க?"

ஹினெக் குரலைத் தாழ்த்தினார். "ஜெயிச்சவங்கதான் எல்லாருக்கும் பீர் வாங்கணும். போன வருஷமும் நான், அதுக்கு முந்தியும் நான். இன்னொரு தடவை ஜெயிச்சா வீட்டுக்குள்ளயே விடமாட்டேன்னுட்டா என் பொண்டாட்டி."

ஹெத்விகா கடைக்காரரிடம் போய் எல்லாருக்கும் பீர் சொன்னாள்.

ஹினெக்குக்கு மட்டும், சின்னப் பிள்ளைகள் குடிக்கும் சிவப்புச் சோடா. அதில் ஒரு ஸ்ட்ராவும் போடச் சொன்னாள்.