பன்னிரண்டாம் பாடம்

இலங்கை மலையகத்தில் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்த பூரணியும் அவள் கணவன் ஆண்டியப்பனும் 1958இல் லண்டன் பட்டத்துக்காகத் தபால் வழியே கணிதம் படிக்கச் சேர்ந்தார்கள். மாதம் ஒரு பாடம், மொத்தம் பன்னிரண்டு. முதல் பாடம் வந்த வாரமே ஆண்டியப்பன் நிமோனியா கண்டு இறந்துபோனான்.

முதல் பாடமான முடிவிலாத் தொடர்க் கணக்குகளைப் பூரணி தனியாகப் போட்டு அனுப்பினாள். திருத்தி வந்த உறையில் இரண்டு விடைத்தாள்கள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத மாமியார் அம்மாக்கண்ணுகூட இரண்டாவது தாளின் சாய்ந்த எழுத்தை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நம்ம ஆண்டியப்பன் எழுதினதாம்மா?"

"ஆமாங்க அத்தே."

"எப்படிப் போட்டிருக்கான்?"

"நாப்பத்தெட்டு எடுத்திருக்காங்க. அவசரத்துல ரெண்டு வரிய விட்டுட்டாங்க."

அதன்பின் மாதாமாதம் இரண்டு தாள்கள் வந்தன. பல மாறிச் சார்புகள் பற்றிய பாடம் தொடங்கியதும் அவன் மதிப்பெண்ணில் அவளை முந்தினான். ஒருமுறை அவனுக்கென்று ஒரு கடிதம் எழுதி விடைத்தாளோடு உறைக்குள் வைத்தாள். அது பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. கணக்கு மட்டும்தான் போய்ச் சேரும் என்று புரிந்துகொண்டாள்.

பன்னிரண்டாம் பாடத்தோடு படிப்பு முடிகிறது. எல்லாக் கணக்குகளும் அவளுக்குத் தெரிந்தவைதான். ஒவ்வொன்றையும் பொறுமையாக, வேண்டுமென்றே பிழையாகப் போட்டுத் தபாலில் சேர்த்தாள்.

ஆறு வாரம் கழித்து உறை வந்தது. அவள் தாளில் பூஜ்யம். அவன் தாளிலும் பூஜ்யம். கீழே ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: இருவரும் இந்தப் பாடத்தை மறுபடி எழுதி அனுப்பவும்.