பீரோவில் இருந்த சாவி

கார் சாவியோடு நான் வேறு எதையும் கோர்ப்பதில்லை. வீட்டுச் சாவி, பிள்ளையார் பொம்மை என்று கொத்தாகத் தொங்கவிட்டால் அந்தக் கனமே காரை ஸ்டார்ட் செய்யும் பூட்டைத் தேய்த்துவிடும். ஸ்பேர் சாவியை ஏழு வருஷமாகத் தொட்டதேயில்லை. மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தேன். இத்தனை பத்திரமாக இருந்தும் போன வாரத்திலிருந்து பூட்டில் சாவி திரும்பாமல் அடம்பிடித்தது.

சாவி வெட்டும் நசீர் பாய், "தேய்ஞ்ச சாவியை வச்சு வெட்டினா தேய்ஞ்சதுதான் வரும். ஸ்பேரைக் கொண்டாங்க சார், அதுல பல்லு புதுசா இருக்கும்" என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டையும் ஒட்டிவைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுதானே தினமும் ஓட்டுறது?"

அவர் நீட்டியது பீரோவில் இருந்த சாவி. பற்கள் மழுங்கிப்போயிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஹேமலதாவிடம், "பீரோவில் இருந்த கார் சாவியை எடுத்தியா?" என்று கேட்டேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் எதுக்கு எடுக்கப்போறேன்? ஸ்டீயரிங்கைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கும்."

"சரி. கார் பூட்டையே மாத்தணும்னு நசீர் பாய் சொல்றார்."

"அதை எதுக்கு மாத்தணும்? சாவியை ஒரு நூல் அளவு வெளியே இழுத்துட்டுத் திருப்பினா திரும்புமே."

நான் கீழே காருக்கு இறங்கிப் போனேன். சாவியைச் செருகி, ஒரு நூல் வெளியே இழுத்துத் திருப்பினேன். எஞ்சின் உடனே பிடித்தது. அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேலே சமையலறையில் நறுக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.